எதனால செகண்ட்ஸ் ஆச்சு?

என் அப்பா திருப்பூரில் 22 வருஷம் பனியன் கம்பெனி செக்கிங்கில் இருந்தவர். கிட்டாருக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது, நான் காலேஜில் வைத்திருந்த கிட்டாரை இன்றுவரை "அந்தப் பொட்டி" என்றுதான் சொல்வார். ஆனால் ஃபாக்டரி செகண்ட், அதாவது தொழிற்சாலைச் செக்கிங்கில் குறை கண்டு இரண்டாம் தரமாக ஒதுக்கிய எலக்ட்ரிக் கிட்டார் வாங்கலாமா வேண்டாமா என்பதில் எனக்கு உருப்படியான யோசனை சொன்ன முதல் ஆள் அவர்தான். அதையும் நான் ஒரு கிட்டாரில் காசைத் தொலைத்த பிறகுதான் காதில் வாங்கினேன்.

நான் இருப்பது மிச்சிகனில், டெட்ராய்ட்டை ஒட்டி. கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை, அஞ்சு மாதம் குளிர், வாரக் கடைசியில் ஒரு மணி நேரம் கிட்டார், அவ்வளவுதான் என் இசை வாழ்க்கை. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு கிட்டார் மேல் கண் விழுந்தது. கம்பியின் அதிர்வைப் பிடித்து மின்சாரமாக்கும் பிக்கப் இரண்டு, ஹம்பக்கர் வகை; கழுத்து மாதிரி நீளும் நெக்கை பாடியோடு பசை போட்டு ஒட்டிய ரகம். புதுசு 549 டாலர். அதே மாடல் செகண்ட்ஸில் 319. பெயர் எதுவும் வேண்டாம், செய்த கம்பெனியும் சரி, விற்ற கடையும் சரி. விளம்பரத்தில் ஒரே வரிதான் இருந்தது, பார்வைக்குச் சிறு குறை இருக்கலாம் என்று. படம் கம்பெனி கேட்டலாக் படம், என் கைக்கு வரப்போகும் கிட்டாரின் படம் இல்லை. திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டோம் என்பதும் எழுதியிருந்தது, நானும் படித்தேன், படித்துவிட்டுத்தான் பணம் கட்டினேன்.

வந்து பிரித்துப் பார்த்தால் குறை எங்கே என்றே தெரியவில்லை. விளக்கடியில் வைத்து அரை மணி நேரம் தேடினேன். பெயின்ட் கண்ணாடி மாதிரி இருந்தது, ஒரு கீறல் இல்லை. நெக்கின் நுனியில் சுருதி முடுக்குகிற இடமான ஹெட்ஸ்டாக்கின் பின்பக்கம் மட்டும் செகண்ட் என்பதற்கான முத்திரை. ஆஹா, யாரோ கண்ணு தெரியாத ஆள் இதைத் தள்ளிவிட்டான், நமக்கு அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால் அந்த நிமிஷத்தில்தான் எனக்கு வயிறு கலங்கியிருக்க வேண்டும். தொழிற்சாலையில் ஒருத்தன் காரணம் இல்லாமல் முத்திரை குத்த மாட்டான். கண்ணுக்குத் தெரிகிற குறை இல்லை என்றால் தெரியாத குறை இருக்கிறது என்று அர்த்தம்.

வாசித்துப் பார்த்தபோது தெரிந்தது. வீணையின் மெட்டு மாதிரி நெக்கின் குறுக்கே பதித்திருப்பதுதான் ஃப்ரெட்; 12வது ஃப்ரெட்டுக்கு மேலே மெல்லிய கம்பிகளை இழுத்து வளைத்தால் சத்தம் பாதியில் செத்துப் போகிறது. பாடியில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜை உயர்த்தினால் சாகவில்லை, ஆனால் கம்பி அவ்வளவு உயரத்தில் இருந்தால் விரல் வலிக்கிறது. பக்கத்து ஊரில் முப்பது வருஷமாக கிட்டார் பழுது பார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டு போனேன். அவர் கம்பியைத் தொடக்கூட இல்லை. கிட்டாரைத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஆசாரி பலகையைப் பார்ப்பது மாதிரி பாடிப் பக்கத்திலிருந்து ஹெட்ஸ்டாக் வரை ஒரு பார்வை பார்த்தார். நெக் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்றார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் செகண்ட்ஸில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். நெக்குக்குள் ட்ரஸ் ராட் என்று ஒரு இரும்புத் தண்டு ஓடும். ஆறு கம்பிகளும் சேர்ந்து இழுக்கிற இழுப்பில் நெக் முன்பக்கம் வளையும், அந்த வளைவை முடுக்கியோ தளர்த்தியோ சரிசெய்யத்தான் அது. முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வளைவைத்தான் அது சரிசெய்யும். தடிக் கம்பி இருக்கும் பக்கம் ஒரு மாதிரியும் மெல்லிய கம்பி இருக்கும் பக்கம் வேறு மாதிரியும் திருகிக்கொண்டால் அதற்கு அந்த ராட் ஒன்றும் செய்யாது. ஃப்ரெட்டையெல்லாம் பிடுங்கி, அவை பதிந்த பலகையான ஃப்ரெட்போர்டைச் சீவி, புது ஃப்ரெட் அடிக்க வேண்டும். அவர் சொன்ன கூலி 400 டாலர். ஆக 319 டாலர் கிட்டார் 719 ஆகிறது. புதுசே 549தான்.

அன்றைக்கு ராத்திரி அப்பாவிடம் போனில் புலம்பினேன். அவர் முழுசாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"ஏஞ்சாமி, அது எதனால செகண்ட்ஸ் ஆச்சுன்னு கேட்டயா?"

"இல்லீங்ப்பா. வெல கம்மியா இருந்துச்சு."

"வெல கம்மியா இருக்கறதுக்குத்தானே அதுக்கு செகண்ட்ஸுன்னு பேரே. எதனாலன்னு கேக்கோணுமல்லோ?"

அப்புறம் ஒரு கால் மணி நேரம் பனியன் பாடம். பீஸில் ஆயில் கறை இருந்தால் செகண்ட்ஸ், ஆனால் கறையை எடுத்துவிடலாம். தையல் ஒரு இடத்தில் விட்டிருந்தால் செகண்ட்ஸ், மறுபடி ஒரு ஓட்டு ஓட்டினால் சரி. ஆனால் நிட்டிங் மிஷினில் ஊசி போய் துணி நெடுக ஒரு கோடு விழுந்திருந்தால் அதைத் தையல்காரன் ஒன்றும் பண்ண முடியாது, ஏனென்றால் குறை தையலில் இல்லை, துணியில். மூன்றும் திருப்பூர் காதர்பேட்டைச் சந்தையில் ஒரே குவியலில், ஒரே விலையில் கிடக்கும். விவரம் தெரிந்தவன் முதல் இரண்டைப் பொறுக்கிக்கொண்டு போய்விடுவான்.

என் கிட்டாரில் இருந்தது துணிக் குறை.

ஆனால் அப்பா சொன்னதில் ஒரு விஷயம் கிட்டாருக்குப் பொருந்தாது, அதையும் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்போர்ட்டில் சரக்கை முழுக்கப் பார்க்க மாட்டார்கள், சாம்பிள் எடுத்துப் பார்ப்பார்கள். சாம்பிளில் அளவுக்கு மேல் குறை வந்தால் மொத்த லாட்டையும் தள்ளுவதும் உண்டு. அதனால் எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் என்று வாங்கும் சட்டையில் குறையே இல்லாமல் இருக்கலாம், நாம் எல்லோரும் அப்படி ஒன்றிரண்டு போட்டிருப்போம். கிட்டார் அப்படி இல்லை. ஒவ்வொன்றையும் ஒரு ஆள் கையில் எடுத்துப் பார்த்து, ஒவ்வொன்றாகத்தான் முத்திரை விழும். மிச்சிகனிலேயே கலமசூவில் இருந்த கிப்சன் தொழிற்சாலையில் 1970களில் ஹெட்ஸ்டாக்கின் பின்னால் 2 என்று குத்துவார்கள், அந்தக் கிட்டார்கள் இன்றைக்கும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. முத்திரை ஐம்பது வருஷம் ஆனாலும் போகாது, விற்கும்போது விலையைக் கடிக்கும். இதை மறந்துவிட்டுக் கணக்குப் போடக்கூடாது.

இன்னொரு குழப்பம் வார்த்தைகளில். பி-ஸ்டாக் என்பது பெரும்பாலும் கடைச் சமாச்சாரம். ஒருத்தர் வாங்கித் திருப்பி அனுப்பியது, ஷோரூமில் தொங்கியது, பெட்டி கிழிந்தது இதெல்லாம் அதில் வரும். பிறக்கும்போது அது முதல் தரம்தான். ஃபாக்டரி செகண்ட் பிறக்கும்போதே இரண்டாம் தரம். விற்கிறவர்கள் இரண்டையும் கலந்தடித்து எழுதுவார்கள், சிலர் தெரியாமல், சிலர் தெரிந்தே. கியாரண்டி இருக்கிறதா என்று கேட்டால் பாதி உண்மை வெளியே வந்துவிடும், ஏனென்றால் பி-ஸ்டாக்குக்குப் பல சமயம் கம்பெனி கியாரண்டி தொடரும், செகண்டுக்குப் பெரும்பாலும் கிடையாது.

சரி, போன வருஷக் கதைக்கு வருகிறேன். மறுபடியும் ஆசை வந்தது. இந்தத் தடவை மூன்று சிங்கிள் காயில் பிக்கப், நெக்கை நாலு திருகாணியால் முடுக்கிய ரகம். புதுசு 479, செகண்ட்ஸில் 289. கவனித்தீர்களா, இரண்டு தடவையும் தள்ளுபடி கிட்டத்தட்ட 40 சதவீதம்தான். தள்ளுபடி எவ்வளவு என்பது எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

பழுது பார்க்கும் பெரியவரிடம் போய் முதலிலேயே கேட்டேன். அவர் கணக்கு இப்படி: திருகாணி போட்ட நெக் கெட்டுப்போனால் தொழிற்சாலையிலேயே கழற்றி எறிந்துவிட்டு வேறு நெக் மாட்டலாம், அதனால் அந்த ரகத்தில் செகண்ட் ஆவது பெரும்பாலும் பாடியின் பெயின்ட்டால். பாலியெஸ்டர் பூச்சு காய்ந்தால் கல், அதைத் தேய்த்தெடுத்து மறுபடி அடிக்கும் கூலிக்கு அவர்கள் இரண்டாம் தரமாகவே தள்ளிவிடுவார்கள். ஒட்டிய நெக்கில் கோணல் வந்தால் லேசில் கழற்ற முடியாது, அப்படியே முத்திரை குத்தி அனுப்ப வேண்டியதுதான். இது அவர் அனுபவம், சட்டம் இல்லை. ஆனால் எனக்கு நியாயமாகப் பட்டது. அதோடு திருகாணி நெக்கில் இன்னொரு வசதி, கம்பி ஃப்ரெட்போர்டின் ஓரமாகச் சாய்ந்து போனால் கம்பியைத் தளர்த்தி, திருகாணியைக் கொஞ்சம் இளக்கி, நெக்கை ஒரு நூல் நகர்த்தி மறுபடி முடுக்கலாம். ரொம்பவே மோசம் என்றால் வேறு நெக் வாங்கி மாட்டலாம்.

இரண்டு கடைக்கு மெயில் போட்டேன். கேட்டது மூன்றே விஷயம். இந்தக் குறிப்பிட்ட கிட்டார் எதனால் செகண்ட் ஆனது, சீரியல் நம்பர் தெரிகிற மாதிரி அந்தக் குறையின் படம் வேண்டும். பிடிக்கவில்லை என்றால் எத்தனை நாளுக்குள் திருப்பலாம், அனுப்பும் செலவு யாருடையது. அந்த நாட்களுக்குள் நான் ட்ரஸ் ராடைத் திருப்பிப் பார்த்தால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா. மூன்றாவது கேள்வி பலருக்குத் தோன்றாது. ஆனால் அந்த ராட் வேலை செய்கிறதா, ஏற்கெனவே கடைசி வரை முடுக்கிவிட்டார்களா என்று தெரியாமல் கிட்டாரை வைத்துக்கொள்வது பிரேக்கை மிதித்துப் பார்க்காமல் பழைய கார் வாங்குவதுதான்.

ஒரு கடைக்காரர் எல்லாமே சின்னக் குறைகள்தான், கவலைப்படாதீர்கள் என்று பதில் எழுதினார். அவரை அங்கேயே விட்டுவிட்டேன். இன்னொருவர் ஐந்து படம் அனுப்பினார். பாடியின் வளைவுக்குள் பெயின்ட் வழிந்து காய்ந்த ஒரு துளி, பின்பக்கம் நெக் தகட்டுக்குப் பக்கத்தில் மரத்தின் ரேகையோடு பூச்சு லேசாக உள்வாங்கியிருக்கும் இடம். 14 நாள் டைம், திருப்பி அனுப்பும் செலவு என்னுடையது, ராடைக் கால் திருப்பு திருப்பிக்கொள்ளலாம்.

இப்போது கணக்கு. இங்கேதான் முதல் தடவை முட்டாள்தனம் பண்ணினேன். செகண்ட் விலையைப் புதுசின் விலையோடு வைத்துப் பார்த்தால் எப்போதுமே லாபமாகத்தான் தெரியும். வைத்துப் பார்க்க வேண்டியது பழசின் விலையோடு. அதே மாடல், முத்திரை இல்லாதது, ஒருத்தர் இரண்டு வருஷம் வாசித்தது, எங்கள் பக்கம் 350க்குக் கிடைத்தது. ஆக நான் மிச்சம் பிடிப்பது 190 டாலர் இல்லை, 61 டாலர். எதை வாங்கினாலும் வாசிக்கத் தோதாகக் கம்பி உயரமெல்லாம் சரிசெய்யும் செட்டப் கூலி 75 ஆகும் என்பதால் அது இரண்டு பக்கமும் ஒன்றுதான். 61 டாலருக்காக முத்திரை குத்தியதை வாங்குவதா? பழசில் திருப்பிக் கொடுக்கும் வசதி கிடையாது, ஃப்ரெட் கொஞ்சம் தேய்ந்திருக்கும். செகண்டில் ஃப்ரெட் புதுசு, 14 நாள் கையில் இருக்கிறது. இதை ஒரு பேப்பரில் எழுதி வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தபோது என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "அறுபது டாலருக்கா ரெண்டு வாரமா மெயில் எழுதிட்டிருக்கீங்க?" என்றாள். பதில் இல்லை. வாங்கிவிட்டேன்.

செகண்ட் விலையும் பழசு விலையும் சமம் என்றால் நான் பழசைத்தான் எடுத்திருப்பேன், சந்தேகமே வேண்டாம்.

ஜனவரியில் வந்தது, வெளியே மைனஸ் 12 டிகிரி. பெட்டியைப் பிரிக்காமல் ராத்திரி முழுக்க வீட்டுக்குள் வைத்திருந்தேன், சில்லிட்ட மரத்தைச் சட்டென்று சூட்டில் எடுத்தால் பூச்சு வெடிக்கலாம். காலையில் முதல் வேலையாகக் கம்பிகளைச் சரியான சுருதிக்குக் கொண்டு வந்தேன். சுருதி சேர்க்காமல் நெக்கைப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை, இழுப்பு இருந்தால்தான் வளைவு தெரியும். பெரியவர் செய்த மாதிரி ஒற்றைக் கண்ணால் இரண்டு ஓரத்தையும் பார்த்தேன், இரண்டும் ஒரே மாதிரி. அப்புறம் முதல் ஃப்ரெட்டில் கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கிளிப்பை மாட்டி, தடிக் கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்தி, நடுவில் ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் எவ்வளவு இடைவெளி என்று பார்த்தேன். கால் மில்லிமீட்டர் இருந்தால் போதும், ஏறக்குறைய ஒரு விசிட்டிங் கார்டு தடிமன். எனக்கு இரண்டு கார்டு போயிற்று. ராடைக் கால் திருப்பு முடுக்கினேன், இடைவெளி குறைந்தது. அந்த நிமிஷம்தான் மூச்சு வந்தது.

மிச்சமெல்லாம் பொறுமை. ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தி ஒரு தட்டு, 21 ஃப்ரெட், ஆறு கம்பி, அம்ப்ளிஃபையர் இல்லாமல். 13ல் அழுத்தினால் மெல்லிய கம்பியில் ஒரு கிறீச். பேங்க் கார்டை ஓரமாக நிறுத்தி மூன்று ஃப்ரெட் மேல் வைத்து ஆட்டிப் பார்த்தேன், 14வது ஃப்ரெட் மேல் ஊஞ்சல் ஆடியது. அது மட்டும் எழும்பி நிற்கிறது. அந்த உயரத்தில் கார்டின் குட்டை ஓரம் சரியாக வரும், கீழே முதல் ஃப்ரெட்டுகளுக்கு நீள ஓரம். 12வது ஃப்ரெட்டில் அழுத்திய சுரமும் அதே இடத்தில் விரலால் லேசாகத் தொட்டு எழுப்பிய ஹார்மானிக்கும் ஒன்றாக இருக்கிறதா, இல்லையென்றால் பிரிட்ஜில் அந்தக் கம்பியைத் தாங்கும் சேடிலை நகர்த்த இடம் மிச்சம் இருக்கிறதா என்றும் பார்த்தேன். இடம் இல்லாமல் முட்டி நின்றால் பிரிட்ஜையே தப்பான இடத்தில் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம், யோசிக்காமல் திருப்பிவிட வேண்டியதுதான். எனக்கு நிறைய இடம் இருந்தது. பிக்கப் மாற்றும் சுவிட்சில் கொஞ்சம் கரகரப்பு, கான்டாக்ட் கிளீனர் அடித்ததும் போய்விட்டது. எலக்ட்ரிக் வேலையில் வரும் குறைக்கெல்லாம் நான் பயப்படுவதே இல்லை. சாக்கெட், வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் பாட், சுவிட்ச் எல்லாமே பத்து இருபது டாலர் சமாச்சாரம், சால்டரிங் ராடு பிடிக்கத் தெரிந்தால் போதும். ஹெட்ஸ்டாக் ஓரத்தில் கம்பிகள் உட்காரும் பள்ளம் வெட்டிய நட் என்ற துண்டும் அப்படித்தான்.

ஃப்ரெட் முனைகள் கையில் முள் மாதிரி குத்தின. இது தொழிற்சாலைக் குறையா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி, கொஞ்ச நாள் ஈரப்பதத்தில் வைத்துப் பார்ப்பது. ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று காய்ந்துபோய் மரம் குறுக்காகச் சுருங்கும், உலோக ஃப்ரெட் அப்படிச் சுருங்காது, முனை வெளியே நீட்டும். இதன் ஃப்ரெட்போர்டு இந்தியன் லாரல், அதாவது நம்மூர்க் கருமருது. 2017ல் ஈட்டி உள்ளிட்ட ரோஸ்வுட் மரங்களுக்கு உலக வணிகத்தில் கட்டுப்பாடு வந்தபோது பல கம்பெனிகள் இதற்கு மாறின, 2019 கடைசியில் இசைக்கருவிகளுக்கு விலக்கு கொடுத்த பிறகும் மலிவு மாடல்களில் இது நின்றுவிட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்கிற மரம் மிச்சிகன் குளிரில் சுருங்கத்தானே செய்யும், நானே சுருங்கித்தான் போயிருக்கிறேன். ஹியூமிடிஃபையர் வைத்து 45 சதவீதத்துக்குக் கொண்டு வந்ததில் ஒரு வாரத்தில் பாதி சரியாயிற்று. மீதியைப் பெரியவர் அரம் போட்டுத் தேய்த்துவிட்டார், 14வது ஃப்ரெட்டையும் தட்டி உட்கார வைத்து ஒரு சொட்டுப் பசை விட்டார். செட்டப்போடு சேர்த்து 105 டாலர் ஆனது, நான் நினைத்ததைவிட 30 அதிகம். அந்த 61 டாலர் மிச்சத்தில் பாதி அங்கே போயிற்று.

முறுக்கிய நெக் கிட்டார் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். விற்க மனசு வரவில்லை, விஷயத்தைச் சொல்லி விற்றால் யாரும் வாங்க மாட்டார்கள், சொல்லாமல் விற்க எனக்கு வராது. நட் மேல் ஒரு எட்டு டாலர் உலோகத் துண்டை மாட்டிக் கம்பிகளை உயர்த்தி, ஓப்பன் டி என்ற சுருதி வைத்து, ஸ்லைடு வாசிக்கிறேன். விரல் ஃப்ரெட்டில் படவே படாது, கண்ணாடிக் குழாய் கம்பி மேல் வழுக்கிக்கொண்டு போகும், நெக் எப்படி முறுக்கினால் என்ன. நம் சித்திரவீணையில் ஃப்ரெட்டே கிடையாதே.

புதுக் கிட்டாரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அப்பாவுக்குக் காட்டினேன். குறை எங்கே என்று நீங்களே கண்டுபிடியுங்கள் என்றேன். வளைவில் இருந்த பெயின்ட் துளியை உடனே பார்த்துவிட்டார். "இதுக்கா தள்ளுனாங்க?" என்றார். "பின்னால திருப்பு. இன்னுங் கொஞ்சம் வெளிச்சத்துக்கு வா." நான் பெயின்ட் உள்வாங்கிய இடத்தைப் பக்கத்தில் காட்டினேன், அவர் அதைப் பார்க்கவே இல்லை.

"அந்தத் தகட்டுல நாலு திருகாணி இருக்குதல்லோ, அதுல ஒண்ணு மட்டும் மங்கலா இருக்குது பாரு."

அந்தத் தகட்டை நான் கடைக்காரர் அனுப்பிய படத்திலும் நேரிலுமாக நூறு தடவை பார்த்திருப்பேன், பெயின்ட்டையே பார்த்துக்கொண்டு. கம்பிகளைத் தளர்த்தி அந்தத் திருகாணியைக் கழற்றினேன். மற்ற மூன்றைவிட அரை சென்டிமீட்டர் குட்டை. எங்கோ ஒரு மேஜையில் திருகாணி தீர்ந்துபோய் யாரோ கைக்குக் கிடைத்ததை முடுக்கியிருக்கிறார்கள். நல்லவேளை, மரத்தில் துளை கெடவில்லை. நாலு திருகாணி ஒரு செட் 6 டாலர். மாட்டி முடித்துப் படம் எடுத்து அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ராத்திரி பதில் வந்தது, ஒரே வார்த்தை: "பாஸ்."